மலையில இருந்து டாக்டர் சீட்டுக்கு: எங்க கடையில அடிக்கடி கேக்கற கேள்விகள்

கோத்தகிரில ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுத் தர்ற சின்ன கடை வெச்சிருக்கேன். ஜனவரி பொறந்தா போதும், "அக்கா, நீட் அப்ளிகேஷன் வந்துருச்சா"ன்னு ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் ஒரே கேள்விதான். என் தங்கச்சி பொண்ணும் இந்த வழியில போனவதான், அதனால கொஞ்சம் பட்ட அனுபவமும் இருக்கு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி தொண்ட காஞ்சு போச்சு, அதான் எழுதிட்டேன். நம்பரெல்லாம் 2025 தேர்வு நிலவரப்படி எழுதியிருக்கேன், உங்க வருஷத்துக்கு வர்ற புல்லட்டின ஒரு தடவ பாத்துக்குங்க.

டாக்டருக்கு படிக்கணும்னா ப்ளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கணும்? மேக்ஸ் வேணுமா?

பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் இருக்கணும், அவ்வளவுதான். மேக்ஸ் கட்டாயம் இல்ல. தாவரவியல், விலங்கியல் தனித்தனியா வர்ற ப்யூர் சயின்ஸ் குரூப்பும் போதும், பயோ மேக்ஸும் போதும். நான் பயோ மேக்ஸ்தான் சொல்லுவேன், ஏன்னா பிசிக்ஸ் கணக்குல கை ஓடும், நாளைக்கு மனசு மாறி இன்ஜினியரிங்னாலும் கதவு மூடாது. ஆனா மேக்ஸ பாத்தாலே காய்ச்சல் வர்ற பிள்ளைய கட்டாயப்படுத்தாதீங்க.

ப்ளஸ் டூல 570 எடுத்தா சீட் தரமாட்டாங்களா? நீட் எதுக்கு தனியா?

தரமாட்டாங்க. ப்ளஸ் டூ மார்க் உள்ள நுழையறதுக்கான தகுதி மட்டும்தான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி சேத்து பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40 சதவீதம் வேணும். சீட்ட முடிவு பண்றது நீட் மார்க்.

180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. சரியா இருந்தா 4, தப்பா இருந்தா 1 மைனஸ். கம்ப்யூட்டர்ல இல்ல, ஓஎம்ஆர் தாள்ல வட்டத்த நெரப்பணும். வயசு, சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 முடிஞ்சிருக்கணும். சீக்கிரமா ஸ்கூல்ல சேத்த பிள்ளைங்களுக்கு ஒரு மாச வித்தியாசத்துல இது இடிக்கும், முன்னாடியே கணக்கு போட்டு பாருங்க.

ப்ளஸ் டூ முடிச்சதும் ரெண்டு மாசம் கோச்சிங் போனா போதாதா?

போதாது. ரெண்டு மாசம்கூட கெடைக்காது. 2025ல ப்ளஸ் டூ பரிட்சை மார்ச் 25க்கு முடிஞ்சுது, நீட் மே 4. நாப்பது நாள். அதுல புதுசா படிக்க முடியாது, படிச்சத திருப்பிப் பாக்கத்தான் முடியும்.

கிட்டத்தட்ட பாதி கேள்வி ப்ளஸ் ஒன் பாடத்துல இருந்து வரும். இப்ப 2025-26ல இருந்து 11ஆம் வகுப்புக்கு பொதுத்தேர்வு இல்லன்னு ஆனதும் பிள்ளைங்க அந்த வருஷத்த ரெஸ்ட் மாதிரி விட்டுடுதுங்க. செல் பயாலஜி, தாவர உடலியல், வெப்ப இயக்கவியல், கெமிக்கல் பாண்டிங் எல்லாம் 11லதான் இருக்கு. ப்ளஸ் டூ டிசம்பர்ல போய் பழைய புக்க தேடினா அது எப்பவோ பேப்பர்காரர்கிட்ட போயிருக்கும், எங்க வீட்லயே அப்படித்தான் போச்சு.

ஸ்டேட் போர்டு புத்தகம் போதுமா?

பாடம் புரியறதுக்கு நல்ல புக்குதான், 2018ல இருந்து மாத்தின புக்ல விஷயம் நெறயவே இருக்கு. ஆனா பயாலஜி கேள்வியெல்லாம் சிபிஎஸ்இ ஸ்கூல்ல படிக்கற என்சிஇஆர்டி புக்கோட வரிய ஒட்டியே வரும், சில சமயம் படத்துக்கு கீழ இருக்கற சின்ன எழுத்துல இருந்துகூட. அதனால ஸ்டேட் போர்டுல புரிஞ்சுக்கிட்டு, பயாலஜி என்சிஇஆர்டிய வரி விடாம மூணு தடவ படிக்கணும். புக்க காசு குடுத்து வாங்கணும்னுகூட இல்ல, என்சிஇஆர்டி தளத்துல பிடிஎஃப் இலவசம். எங்க கடையில பிரிண்ட் போட வர்றவங்ககிட்டயே நான் இதத்தான் சொல்றேன், எனக்குத்தான் நஷ்டம்.

தமிழ் மீடியம் பிள்ள. தமிழ்லயே எழுதலாமா, இங்கிலீஷுக்கு மாறணுமா?

தாராளமா எழுதலாம். நீட் 13 மொழில நடக்குது. தமிழ்னு குடுத்தா கேள்வித்தாள் தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் வரும். ஆனா மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதுதான் செல்லும். 2018ல தமிழ் தாள்ல 49 கேள்வில தப்புன்னு வழக்கு போய், ஹைகோர்ட் மதுரை கிளை 196 மார்க் குடுக்கச் சொல்லுச்சு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. தப்பு அவங்களோடதா இருந்தாலும் மார்க் நமக்கு வரல பாருங்க.

அதனால ப்ளஸ் ஒன்ல இருந்தே நோட்டுல ரெண்டு பத்தி போட்டு, ஒளிச்சேர்க்கைன்னா பக்கத்துல இங்கிலீஷ் வார்த்தையையும் எழுதிப் பழகச் சொல்லுங்க. எப்படியும் எம்பிபிஎஸ் பாடம் இங்கிலீஷ்லதான், அந்த நோட்டு அங்கயும் உதவும்.

எங்க ஊர்ல கோச்சிங் இல்ல. நாமக்கல், கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல சேத்துடலாமா?

கூடலூர், பந்தலூர் பக்கம் இருந்து இந்த கேள்வி அதிகம். நியாயமான கேள்விதான். அங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டியூஷன் விட்டு ஒத்தையில நடந்து வரச் சொல்ல முடியாது, யானை எந்த வளைவுல நிக்கும்னு தெரியாது. ஜூன் ஜூலைல மழை புடிச்சா கரண்டும் இல்ல டவரும் இல்ல, ஆன்லைன் கிளாஸ்னு பணம் கட்டினவங்க ஜன்னல் ஓரமா போன தூக்கிப் புடிச்சிட்டு நிக்கறதுதான் மிச்சம்.

ஆனா ப்ளஸ் ஒன்லயே ஸ்கூல மாத்தி கீழ அனுப்பறதுக்கு முன்னாடி, இதுலயே பின்னாடி அரசு பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பத்தி எழுதியிருக்கறத படிச்சுட்டு முடிவெடுங்க. நான் பாத்தவரைக்கும் அதிகாலை நாலரைல இருந்து ஆறரை வரைக்கும் படிக்கற பழக்கம், வீடியோ பாடங்கள சிக்னல் இருக்கற எடத்துல டவுன்லோடு பண்ணி வெச்சுக்கறது, ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு டு அஞ்சு ஒரு முழு மாதிரித் தேர்வு, இது மூணும் இருந்தா பாதி கோச்சிங் மாதிரி. அரசு பள்ளியில இலவச நீட் பயிற்சி நடந்தா அதையும் விடாதீங்க. மதியம் ரெண்டு மணின்னு சும்மா சொல்லல, நெஜ பரிட்சையும் அந்த நேரம்தான், சாப்பிட்டதும் தூக்கம் வர்ற நேரம்.

என்னென்ன சர்டிபிகேட் வேணும்? ரிசல்ட் வந்தப்புறம் எடுத்தா போதும்ல?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் கோவப்படுவேன். ரிசல்ட் வந்தப்புறம் ஊரே இ-சேவைல நிக்கும், சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், கையெழுத்து போடறவர் லீவுல இருப்பார். ப்ளஸ் ஒன்லயே ஆரம்பிங்க.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்ல முதல்ல பட்டப்படிப்புக்கு போற பிள்ளைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ். அப்புறம் 6ல இருந்து 12 வரைக்கும் எந்தெந்த ஸ்கூல்ல படிச்சாங்கன்னு அந்தந்த தலைமையாசிரியர் குடுக்கற படிப்புச் சான்று. இதுல மாட்டறது ரெண்டு கூட்டம். பந்தலூர்ல வீடு, ஆனா நடுவுல ரெண்டு வருஷம் வயநாட்டுல படிச்சவங்க. வெளி மாநிலத்துல ஒரு வகுப்பு படிச்சிருந்தாலும் இருப்பிடச் சான்றும் அப்பா அம்மாவோட ஆவணங்களும் கேப்பாங்க. இன்னொண்ணு, 1964 ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்து டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்ல குடியிருக்கற குடும்பங்க. தாத்தாவோட தாயகம் திரும்பியோர் அட்டை டிரங்கு பெட்டி அடியில மடிஞ்சு கெடக்கும், அத இப்பவே எடுத்து நாலு ஜெராக்ஸ் போட்டு லேமினேட் பண்ணாம பத்திரமா வெச்சுக்குங்க.

பழங்குடி பிள்ளைங்களுக்கு, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் யாரா இருந்தாலும், எஸ்டி சான்றிதழ் தாசில்தார் குடுக்கறது இல்ல, ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் அளவுல குடுக்கணும், விசாரணை எல்லாம் இருக்கும். அதுக்கு மாசக்கணக்கா ஆகலாம்னு நெனச்சு பத்தாவது முடிச்ச கையோட போடுங்க.

7.5 சதவீதம்னா என்ன? எங்க ஸ்கூல் ஃபீஸே வாங்கறதில்ல, எங்களுக்கும் உண்டுல்ல?

2020ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்த சட்டம். 6ல இருந்து 12 வரைக்கும் மாநில அரசு பள்ளியில படிச்சவங்களுக்கு மாநில சீட்ல 7.5 சதவீதம் தனியா. கட்டணத்த அரசே கட்டுது. அந்த ஒதுக்கீட்டுல போட்டி நீட் எழுதினவங்க எல்லாரோடயும் இல்ல, அரசு பள்ளிப் பிள்ளைங்களுக்குள்ள மட்டும், அதனால கட் ஆஃப் நல்லாவே கம்மி. பழங்குடியினர் நலத்துறை நடத்தற உண்டு உறைவிடப் பள்ளியும் அரசு பள்ளி கணக்குலதான் வரும்.

அரசு உதவி பெறும் பள்ளி வராது. இங்கதான் நம்ம மலையில நெறய பேர் ஏமாறுறாங்க, ஏன்னா பழைய மிஷன் ஸ்கூல் பாதி எய்டட், ஃபீஸ் இல்லாததால அரசு பள்ளின்னே நெனச்சிட்டு இருப்பாங்க. இன்னொரு கொடும, பத்தாவது வரைக்கும் அரசு பள்ளியில படிக்க வெச்சுட்டு "நீட்டுக்காக"ன்னு ப்ளஸ் ஒன்ல தனியார் ஸ்கூலுக்கு மாத்தறது. அந்த ரெண்டு வருஷத்துல 7.5 போச்சு. தனியார் பள்ளியில ஆர்டிஇ, அதாவது இலவச கட்டாயக் கல்விச் சட்டத்துல 8 வரைக்கும் படிச்சுட்டு 9ல இருந்து அரசு பள்ளின்னா மட்டும் உண்டு.

இன்னொரு குழப்பம். அகில இந்திய ஒதுக்கீட்டுல எஸ்டிக்கும் 7.5 சதவீதம்தான். அது வேற, இது வேற. மாநிலத்துல எஸ்டிக்கு 1 சதவீதம்.

அப்ளிகேஷன் போடறப்ப எதுல தப்பு வருது?

பேருல. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, சாதிச் சான்றிதழ்ல எழுத்தே வேற. பத்தாவது மார்க் ஷீட்ட அடிப்படையா வெச்சு ஆதார முன்னாடியே திருத்திடுங்க.

அடுத்தது போன் நம்பர். ஒரு பையனுக்கு வேற ஒரு கடையில அவங்க சொந்த இமெயில போட்டு அப்ளை பண்ணிட்டாங்க, போன் நம்பர் அப்பாவோடது, ரீசார்ஜ் பண்ணாம சிம் செத்துப் போச்சு. ஹால் டிக்கெட் எடுக்க ஓடிபி வரணும், வரல. ரெண்டு நாள் அந்த அம்மா பச்சத்தேயில எடுக்கப் போகாம என் கடை வாசல்ல உக்காந்திருந்தாங்க. இமெயில், நம்பர் ரெண்டும் பிள்ளையோடதா, ஒரு வருஷம் உயிரோட இருக்கறதா இருக்கணும்.

போட்டோ வெள்ள பேக்ரவுண்டு, காது ரெண்டும் தெரியணும், குல்லா மஃப்ளர் கூடாது. பத்து விரல் ரேகையும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். லீவுல அம்மாகூட தேயில எடுக்கப் போற பிள்ளைங்க விரல்ல கறை ஏறி ரேகை அப்பிக்கும், எலுமிச்சம்பழம் தேய்ச்சு கழுவிட்டு மறுநாள் வாங்கன்னு அனுப்பிடுவேன். கட்டணம் 2025ல பொதுப்பிரிவு 1700, ஓபிசி 1600, எஸ்சி எஸ்டிக்கு 1000.

தெரியாத கேள்விக்கு குத்துமதிப்பா போடலாமா?

கணக்கு போட்டு பாப்போம். ஒண்ணுமே தெரியாம 40 கேள்விக்கு கண்ண மூடிப் போட்டா சராசரியா 10 சரி, 30 தப்பு. 40 வரும், 30 போகும், மிச்சம் 10. அதுவும் சராசரிதான், கெட்ட நாளா இருந்தா மைனஸ்ல போகும். ஆனா நாலுல ரெண்டு நிச்சயமா இல்லன்னு தெரிஞ்சா போடலாம், அப்ப பாதிக்குப் பாதி சரியாகும், ஒரு கேள்விக்கு சராசரியா ஒன்றரை மார்க் லாபம். பிசிக்ஸ்ல இந்த ஒழுங்கு ரொம்ப முக்கியம். என் தங்கச்சி பொண்ணு மொத தடவ 45 பிசிக்ஸ் கேள்வியையும் போட்டா, ரெண்டாவது தடவ 31 தான் போட்டா, மார்க் கூடத்தான் வந்துது.

சென்டர் கோயம்புத்தூர்ல விழுந்துருச்சு. காலைல கெளம்பினா போய் சேந்துடலாம்ல?

வேண்டவே வேண்டாம். மே மொத ஞாயிறு நம்ம ஊர்ல என்ன நெலமன்னு உங்களுக்கே தெரியும். சீசன்ல ஒன்வே போட்டுடுவாங்க, மேல ஏர்றது குன்னூர் வழி, எறங்கறது கோத்தகிரி வழி. குன்னூர்க்காரங்களும் கோத்தகிரி சுத்தித்தான் எறங்கணும். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் இருக்கு, நம்ம டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், ஆனா ரோடு எல்லாருக்கும் ஒரே ரோடுதான். பரிட்சை ரெண்டு மணிக்கு, ஒன்றரைக்கு கேட் மூடினா மூடினதுதான். மொத நாளே எறங்கி சொந்தக்காரங்க வீட்லயோ ரூம்லயோ தங்குங்க. வளைவுல வாந்தி எடுத்த பிள்ளைக்கு ஒரு ராத்திரி தூக்கம் வேணும், அந்த வெயிலுக்கும் ஒடம்பு பழகணும். மலைப் பிள்ளைக்கு கீழ உள்ளங்கை வேர்த்து ஓஎம்ஆர் தாள் நனையும், கைக்குட்டை கூட கொண்டு போக முடியுமான்னு கேட்டு அழுத பிள்ளைய பாத்திருக்கேன்.

ட்ரெஸ்: அரைக்கை, லேசான துணி, செருப்பு. ஷூ கூடாது. ஸ்வெட்டர் நம்ம பிள்ளைங்களுக்கு தோல் மாதிரி, போட்டுட்டுப் போய் கேட்ல கழட்டி யார்கிட்ட குடுக்கறதுன்னு முழிக்கும். வீட்லயே வெச்சுட்டு எறங்குங்க. பேனா உள்ளயே தருவாங்க. ஹால் டிக்கெட், ஒட்டின போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ, இன்னொரு பாஸ்போர்ட் போட்டோ, ஒரிஜினல் ஆதார், இத மட்டும் ஒரு கவர்ல.

எத்தன மார்க் எடுத்தா சீட் கெடைக்கும்? பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் இவ்வளவுக்கு வாங்கினான்னு சொல்றாங்களே?

மார்க்க வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடாதீங்க. 2024ல 720க்கு 720 வாங்கினவங்களே பல பேர், 2025ல பிசிக்ஸ் கஷ்டம், இந்தியாவுலயே மொத எடம் 686. அதனால ரேங்க்க பாருங்க, மாநில ரேங்க் பட்டியல்ல உங்க பிரிவுல எத்தனாவதுன்னு பாருங்க. ஒரே மார்க் வந்தா பயாலஜி மார்க் அதிகமா இருக்கறவங்க முன்னாடி.

"குவாலிஃபை ஆயிட்டான்"னு ஸ்வீட் குடுக்கறாங்க, அதுவும் தப்பு இல்ல, ஆனா 2025ல பொதுப்பிரிவு குவாலிஃபை மார்க் 144, ஓபிசி எஸ்சி எஸ்டிக்கு 113. அது அப்ளை பண்ண தகுதி மட்டும். சீட்டு அதுக்கு ரொம்ப மேல.

அகில இந்திய ஒதுக்கீடு, மாநில ஒதுக்கீடு ரெண்டுக்கும் போடணுமா?

போடுங்க. அரசு கல்லூரில 15 சதவீதம் எம்சிசி, அதாவது மத்திய அரசோட மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டி நடத்தற கவுன்சிலிங், மிச்சம் 85 கீழ்ப்பாக்கத்துல இருக்கற மாநில தேர்வுக் குழு. நீட் எழுதினாலே தானா ரெண்டுலயும் பேரு வந்துடாது, தனித்தனியா அப்ளை பண்ணணும். மாநில அப்ளிகேஷன மறந்து போன குடும்பம் வருஷத்துக்கு ஒண்ணு என் கடைக்கு வரும்.

சிக்கல் சாதிச் சான்றிதழ்ல. படகர் பிள்ளைங்க மாதிரி மாநிலத்துல பிசியா இருக்கறவங்க, எம்பிசி எல்லாம், மாநிலத்துக்கு குடுக்கற அட்டைய எம்சிசில காட்டினா எடுபடாது. மத்திய அரசு படிவத்துல ஓபிசி சான்றிதழ் தனியா வேணும், கிரீமி லேயர்ல, அதாவது வசதியான குடும்பக் கணக்குல இல்லன்னு அதுல இருக்கணும். மாநிலத்துல கிரீமி லேயர் பேச்சே இல்ல.

சாய்ஸ் ஃபில்லிங்ல ஊட்டி மெடிக்கல் காலேஜ் மட்டும் போட்டா போதுமா? வீட்டுப் பக்கம்ல?

ஊட்டி காலேஜ் 2022 ஜனவரில தொறந்தது, 150 சீட்டு. ஆனா அது நீலகிரி பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கினது இல்ல, மாநிலம் முழுக்க போட்டி. அத மட்டும் போட்டு கெடைக்கலன்னா அந்த ரவுண்டு கைய விட்டுப் போச்சு. புடிச்ச வரிசைல போடுங்க, ஆனா போற எல்லா அரசு காலேஜையும் போடுங்க. எது கெடைக்கும்னு நீங்களா யூகிச்சு கீழ இருக்கறத மேல போடாதீங்க, கம்ப்யூட்டர் உங்க வரிசைலதான் மேல இருந்து பாத்துட்டு வரும்.

பையன் இங்க போர்டிங் ஸ்கூல்ல ஏ லெவல் படிக்கறான். லண்டன் பக்கம் மெடிக்கல் போடணும்னா இதெல்லாம் பொருந்துமா?

அது வேற ஒலகம். அங்க யுகாஸ்னு ஒரு பொது அப்ளிகேஷன் தளம் வழியா அக்டோபர் 15க்குள்ள போடணும், மெடிசினுக்கு நாலு காலேஜ்தான் போட முடியும். யுகேட்னு ஒரு தேர்வு, அப்புறம் இன்டர்வியூ. ஏன் டாக்டர் ஆகணும்னு சொந்தமா எழுதணும், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் மாதிரி எடத்துல உதவி செஞ்சு என்ன கத்துக்கிட்டன்னு கேப்பாங்க. இங்க அதெல்லாம் ஒரு மார்க்கும் இல்ல. ஆனா படிச்சுட்டு இந்தியாவுல டாக்டரா வேல பாக்கற எண்ணம் இருந்தா வெளிநாடு போறவங்களும் நீட்ல தகுதி வாங்கியாகணும், அந்த ஸ்கோர் மூணு வருஷம் செல்லும்.

சீட் கெடைக்கல. இன்னொரு வருஷம் விடலாமா, வேற ஏதாவது சேக்கலாமா?

எத்தன தடவ வேணா எழுதலாம், மேல் வயசு வரம்பும் இல்ல. நான் கேக்கறது ஒண்ணுதான்: எங்க மார்க் போச்சுன்னு பிள்ளையால பாடம் பாடமா சொல்ல முடியுதா? "பிசிக்ஸ்ல ரொட்டேஷன், மாக்னெடிசம், ஆர்கானிக்ல பாதி"ன்னு சொன்னா ஒரு வருஷம் குடுங்க. "எல்லாம் நல்லாத்தான் எழுதினேன்"னு சொன்னா யோசிங்க. மூணாவது வருஷத்துக்கு நான் ஆதரவு இல்ல.

சித்தா, பல் மருத்துவம் ரெண்டுக்கும் அதே நீட் ஸ்கோர்தான். நர்சிங், பார்மசி, பாராமெடிக்கல், தமிழ்நாட்டுல கால்நடை மருத்துவத்துல மாநில சீட்டு, இதுக்கெல்லாம் ப்ளஸ் டூ மார்க்தான். அதனால மேல சொன்ன 570 வீண் போகல. நீட் ரிசல்ட்டுக்கு காத்திருக்கறப்பவே இதுக்கும் போட்டு வைங்க, தேதி ஒண்ணோட ஒண்ணு மோதும்.

ஒருத்தர் போன் பண்ணி மேனேஜ்மென்ட் கோட்டா சீட் வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் கேக்கறார். நம்பலாமா?

தனியார் காலேஜ் மேனேஜ்மென்ட் சீட்டும் அதே தேர்வுக் குழு கவுன்சிலிங்லதான் ரேங்க் படி போகுது. நடுவுல ஒருத்தர் வாங்கித் தர்றதுக்கு அங்க எடமே இல்ல. உங்க பிள்ள மார்க், ஊரு, அப்பா பேரு எல்லாம் சொல்லுவார், அந்த லிஸ்ட்டு எங்கயோ விலைக்கு வாங்கினதுதான். நம்பர பிளாக் பண்ணிட்டு, மாநில அப்ளிகேஷன் போட்டாச்சான்னு ஒரு தடவ பாருங்க.